சுடுபால்

"சுடுபாலை ஊத்திட்டேன் பாப்பா. மொத்தமும் செத்துப்போச்சு" என்று அருள்ஜோசப் செல்போனைப் பார்த்துச் சொன்னார்.

திரையில் மகள் லிபியா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், ஜார்ஜியா நாட்டுத் திபிலிசி நகரத்து ஜன்னலில் பனி ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுப் பூசைக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெயசெல்வி, நேற்றைப் போலவே மறுபடியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று மாலை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, கெஃபிர் மணிகள் ஊறிய கண்ணாடிப் புட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு, எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்.

சிப்காட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக உதிரிபாகங்களில் தலைமுடிப் பருமன் பிசகைக்கூடக் கண்டுபிடிக்கிற மனிதர். பாலின் சூட்டை விரல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையாம். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு, மருத்துவப் படிப்பை முடித்த கையோடு ஜார்ஜியாவிலிருந்து வந்த லிபியாதான் அந்தக் கெஃபிர் மணிகளைக் கொண்டுவந்தாள். காலிஃபிளவரைக் கிள்ளிப் போட்டது போல ஒரு கைப்பிடி. பாலில் போட்டு வைத்தால் ஒரே நாளில் புளித்து, தயிருமல்லாமல் மோருமல்லாமல், நாக்கைச் சுருக்கென்று தொடும் ஒரு பானமாகும்.

காக்கசஸ் மலைக்காரர்கள் அந்த மணிகளையும் பாலையும் தோல்பையில் கட்டி வாசலில் தொங்கவிடுவார்களாம். போகிறவர் வருகிறவரெல்லாம் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகவேண்டும். அப்போதுதான் நன்றாகப் புளிக்கும். மணிகளை விற்றால் வீரியம் போய்விடும். உறவுக்காரர் கையிலிருந்து உறவுக்காரர் கைக்குத்தான் போகவேண்டும். லிபியா சொன்ன கதை இது.

எப்படியோ அது மலையிறங்கி, கடலும் தாண்டி, இன்றைக்குப் பெங்களூர்க் கடைகளில் பிளாஸ்டிக் புட்டிக்குள் ஸ்ட்ராபெரி வாசனையோடு நிற்கிறது.

மத்திகிரியில் இவர்கள் வீட்டு வாசலில் அப்படிப் போவோரும் இல்லை, வருவோரும் இல்லை. ஷிப்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, அருள்ஜோசப்பே புட்டியைத் தட்டிவைப்பார். பால் மாற்றுவது ஜெயசெல்வியின் வேலை.

லிபியாவுக்கு ஜார்ஜியாவிலேயே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் வருகிறேன் என்றாள். அடுத்த வருஷம் மூன்று தடவை வந்துபோயிற்று, அவள்தான் வரவில்லை.

வாராவாரம் போனில் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. பால் மாற்றியாயிற்றா, மணி வளர்ந்திருக்கிறதா என்ற கேள்வி மட்டும் ஒரு வாரமும் தவறியதில்லை. இனி அவள் எதைக் கேட்பாள்? ஜெயசெல்வியை ராத்திரி முழுக்கப் புரளவைத்தது அதுதான்.

லிபியா திரைக்கு அருகில் வந்தாள். கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றாள்.

அருள்ஜோசப் தலையை ஆட்டினார். உறவுக்காரர் கையால்தான் தரவேண்டும் என்று நீதானே சொன்னாய் என்றார்.

"அது சும்மா கதைப்பா."

"கதையாவே இருக்கட்டும். ஊரான் கையால வந்தா எனக்கு வேணாம்."

ஜன்னல் பனியைத் திரும்பிப் பார்த்தபடி இருந்தாள் லிபியா. பிறகு, ஈஸ்டருக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை; கேட்டுப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள். ஆனால் அடுத்த வருஷம் என்ற சொல் அன்று அவள் வாயில் வரவில்லை.

போனை வைத்துவிட்டு அருள்ஜோசப் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. செய்ததையும் செய்துவிட்டுப் பாட்டு வேறா என்று எரிச்சலோடு ஜெயசெல்வி பின்கட்டுக்கு வந்தாள்.

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் நின்றிருந்தாள். மாட்டுப்பண்ணையில் வேலை பார்ப்பவள். வீட்டிலும் ஒரு கறவை வைத்திருப்பவள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அக்கா, நேத்து சார் குடுத்தாரே, அந்தப் பால்பூவு... அதுக்கு நம்ம மாட்டுப்பாலு ஊத்தலாமா, இல்ல பாக்கெட் பாலுதானா? பாப்பா வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சுக்கோ, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

கடைசிச் சொல் வெளியே வந்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயசெல்வி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாட்டு இன்னும் நிற்கவில்லை.

"மாட்டுப்பாலே ஊத்து. நல்லா ஆறவெச்சு ஊத்து" என்றாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"எனக்குத் தெரியும்னு சாருக்குத் தெரிய வேணாம்."