செம்புக்கம்பி

கடைசல்காரன் அருணகிரியின் மரக்கிண்ணங்களைக் கையில் எடுப்பவர்கள் எல்லாரும், இந்த வளைவை எங்கே பிடித்தாய் என்று தவறாமல் கேட்பார்கள். அவன் சிரித்து மழுப்பிவிடுவான். மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் தவறாமல் ஒரு செம்புக்கம்பியைக் கர்ப்பிணி மனைவி பொன்மணியின் வயிற்றின் மேல் படியவைத்து வளைத்து, அந்த அளவுக்கே ஒரு கிண்ணம் கடைந்துவந்தான். போன மாதத்துக் கிண்ணம் இந்த மாதத்துக் கிண்ணத்துக்குள் அடங்கும். ஐந்து கிண்ணங்கள் அப்படி ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. கடைசல் மெஷின் சத்தம் கேட்டால் போதும், பிள்ளை உதைக்க ஆரம்பித்துவிடும் என்று பொன்மணி சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள்.

எட்டாம் மாதம் தொடங்கிய அன்று காலையில் அளவெடுத்த கம்பியை, ஏழாம் மாதக் கிண்ணத்தின் மேல் வைத்துப் பார்த்தான். கம்பி கிண்ணத்துக்குள் இறங்கிவிட்டது. பட்டறைக்கு வருகிற வழியில் நெளிந்திருக்கும் என்று வீட்டுக்குள் போய் மறுபடியும் எடுத்தான்.

“என்னங்க, ரெண்டாந்தரம்?”

“கை தவறிடுச்சு.”

அந்த அளவும் உள்ளே இறங்கியது. மரம் எதையும் மாட்டாமலே மெஷினைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பட்டறை வாசலில் பொன்மணி நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டுங்க” என்றாள்.