தக்காளியைக் கெடுத்தவர்

கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்த நாற்காலியில் அண்ணன். கைப்பிடிகளுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் ஆகிருதி. எதிர் பெஞ்சில் தம்பி. பின்னால் சாய்ந்தால் கால் தரைக்கு எட்டாது என்பதால் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் பயிர்ப் பரிசோதகர் அம்மாள், சமையலறை வாசலில் அண்ணனின் மனைவி, மேசைக்குப் பின்னால் பேனாவும் தாளுமாக விவசாயிகள் சங்கச் செயலாளர். நடுவே, ஈரச் சாக்கு போர்த்தி ஒன்று கிடத்தப்பட்டிருந்தது.

"விஷம் வெச்சுட்டாருன்னே எழுதுங்க" என்றார் அண்ணன்.

பரிசோதகர் சாக்கை விலக்கினார். வேரோடு பிடுங்கிய தக்காளிச் செடி. தண்டு கோணி, இலைகள் கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் மக்காச்சோளம். அதற்கு அவர் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து தன் தக்காளியைக் கெடுத்துவிட்டது என்பது அண்ணனின் புகார். உண்மை என்று தெரிந்தால் பொது மோட்டாரிலிருந்து தம்பிக்குப் போகும் தண்ணீரைச் சங்கம் நிறுத்திவிடும். அடிக்கிற வெயிலுக்குச் சோளம் கருகும். அப்புறம் தம்பி பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தலைமைச் சங்கத்துக்குக் கடிதம் தயார், காரணம் எழுதும் இடம் மட்டும் காலி. அதை எடுத்துப்போகப் பால் வண்டிக்காரர் வாசலில் காத்திருந்தார்.

பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு செயலாளர் வழியாகத்தான் சண்டை போட்டார்கள்.

"அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு அவரையே கேளுங்க."

"ஒரு இலைகூட அசையலைன்னு சொல்லுங்க."

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியே செயலாளருக்குக் கழுத்து சுளுக்கிவிடும்போல இருந்தது.

பரிசோதகர் இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து அடிப்பக்கம் பார்த்தார். வெள்ளை ஈ ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் மஞ்சளும் இல்லை. இது இலைச்சுருட்டு நோய் அல்ல, களைக்கொல்லியின் வேலைதான் என்றார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பியின் விரல்கள் பெஞ்சு விளிம்பைப் பற்றிக்கொண்டன. செயலாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"அவசரப்படாதீங்க" என்றார் பரிசோதகர். "காத்துல வந்திருந்தா வேலியோரம்தான் முதல்ல அடி வாங்கியிருக்கும். அங்க செடி நல்லாத்தான் இருக்கு. வேலிக்குக் கீழ படர்ந்த களைகூட தளதளன்னு இருக்கு. மோட்டார் ரூம் பக்கம்தான் ரொம்ப மோசம், போகப் போகக் குறையுது. நீங்க பூச்சி மருந்து எங்கேருந்து அடிக்க ஆரம்பிச்சீங்க?"

"மோட்டார் ரூம்லேருந்து."

"அப்போ களை மருந்து உங்க ஸ்பிரேயருக்குள்ளேயே தங்கியிருக்கு. முதல் டேங்க்ல முழுசா இறங்கி, அடுத்தடுத்த டேங்க்ல அலசிப் போயிருக்கு."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் வயலில் களை என்றால் கையால் பிடுங்குவதுதான் வழக்கம், அந்த மருந்து பாட்டிலைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை என்று சத்தம் போட்டார். ஸ்பிரேயரைக் கொண்டுவரச் சொன்னார்.

"அது எதுக்குங்க இப்போ" என்று மனைவி முனகினார். கணவர் இரண்டாம் முறை பார்த்த பார்வையில் பின்கட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

பரிசோதகர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுச் செயலாளரிடம் நீட்டினார். சுள்ளென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது. பூச்சி மருந்தின் வாடை அல்ல.

"இது என் தோளைத் தவிர வேற தோள் ஏறினதில்ல" என்று அண்ணன் அதைப் பறித்து முதுகில் மாட்டப் போனார். வார் அக்குளோடு சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், தோளுக்கு ஏறவில்லை.

வாரைக் குறுக்கி இறுக்கியிருந்த கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார்.

காரணம் என்னவென்று எழுதட்டும் என்று செயலாளர்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நான்தான்" என்றார் அண்ணன். "வாய்க்கால் ஓரத்துல களைக்கு அடிச்சேன். மறந்துபோச்சு. புகாரைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதுங்க."

அப்படி எழுதினால் இழப்பீடு என்று சல்லிக்காசு வராது என்பதைச் செயலாளர் எடுத்துச் சொன்னார். இப்போதுதானே பாட்டிலை வாங்கியதே இல்லை என்றார், அதற்குள் இப்படி மாற்றிப் பேசுகிறாரே, பெரிய மனுஷனுக்கு இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் சலித்தும் கொண்டார்.

தம்பி பெஞ்சை விட்டு எழுந்தார். "செயலாளர், அவர்கிட்ட ஒண்ணு சொல்ல..."

"எழுதி முடிங்க" என்று அண்ணன் இடைமறித்தார். சமையலறை வாசலில் மனைவி, துடைத்த கதவு நிலையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் எழுதினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை மடித்து, உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டி, மேலே சங்கத்தின் முத்திரையைக் குத்தினார் செயலாளர். பால் வண்டிக்காரர் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

தம்பி தலையைக் குனிந்தபடி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் ஸ்பிரேயரைத் தூக்கி வந்து, அவர் முன்னால் வைத்தார்.

"அடுத்த தடவை கழுவிட்டுக் குடுடா."