சிவப்புக் கேன்

“இன்னையிலேர்ந்து இந்தக் கடையில யாரும் கிரீஸ் எடுக்கற மருந்துல ஒரு சொட்டுத் தண்ணி கலக்கக் கூடாது. புரியுதா?”

கார் கழுவும் கூடத்தின் நடுவில் நின்று முதலாளி சத்தம் போட்டார்.

குழாயடியில் குந்தியிருந்தவள் நிமிரவில்லை. ஸ்பிரே பாட்டிலில் நெயில் பாலீஷால் இரண்டு கோடுகள் போட்டிருந்தாள். கீழ்க்கோடு வரை தண்ணீர், அப்புறம் மேல்கோடு வரை மருந்து. மாற்றி ஊற்றினால் நுரை பொங்கி அளவு தப்பிவிடும்.

கடையில் அவளுக்கு ‘அளவு அக்கா’ என்றே பெயர். காலையில் கடையைத் திறப்பது, மோட்டார் போடுவது, கேன்களை நிரப்பி வைப்பது, துணிகளை அலசிக் காயப்போடுவது எல்லாம் அவள்தான்.

“உன்னைத்தான். காதுல விழலையா?”

“விழுந்துச்சு முதலாளி. நான் கலந்துதான் அடிப்பேன்.”

பாலீஷ் போடுபவன் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“வர்றவங்க மருந்துக்குக் காசு குடுக்கறாங்களா, தண்ணிக்கா?”

“ரெண்டுக்கும்தான். மருந்து பிசுக்கை இளக்கி விடும். இளகினதைத் தூக்கிட்டுப் போறது தண்ணி. தண்ணி இல்லைன்னா மருந்து அங்கேயே காய்ஞ்சு ஒட்டிக்கும். அலாய் சக்கரம்னா பால் கொட்டின மாதிரி திட்டுத் திட்டா வெளுத்துடும். இன்ஜினுக்கு ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணி, சக்கரத்துக்கு ஒண்ணுக்குப் பத்து. டப்பாவுலயே போட்டிருக்கு.”

“டப்பாவுல எழுதினவனா கடை நடத்தறான்? ஆறு மாசமா பெரிய வண்டிங்களை நானே என் சிவப்புக் கேனால அடிக்கறேன். வெறும் மருந்து, தண்ணியே கிடையாது. ஒரு வண்டியாவது வெளுத்துச்சா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கம்?”

பாலீஷ்காரன் மெதுவாக அருகில் வந்தான். “அக்கா, வாயை மூடிக்கிட்டு அவர் சொல்றதைச் செய்ங்க. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. உங்க ஒருத்தர் சம்பளம்தான் வீட்டுக்கு.”

“அதுக்காக? என் கையால ஒரு வண்டியைக் கெடுக்க மாட்டேன் தம்பி.”

முதலாளிக்கு முகம் சிவந்தது. “சரி, இப்பவே பார்த்துடலாம். அதோ நிக்குது என் வண்டி, வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை. இடது சக்கரத்துக்கு என் கேன், வலது சக்கரத்துக்கு உன் தண்ணி. என்னுது வெளுத்தா இனிமே உன் அளவுதான் கடைக்கு. வெளுக்கலைன்னா சாவியை வெச்சிட்டுக் கிளம்பு!”

பாலீஷ்காரன் பதறிப்போய் அவளைப் பார்த்தான். அவள் சிவப்புக் கேனை ஒரு நொடி பார்த்தாள்.

“அடிங்க முதலாளி” என்றாள்.

அவர் அடித்தார். அவளும் அடித்தாள். இரண்டு சக்கரத்திலும் கறுப்பு இளகி வழிந்தது. மூன்று நிமிடம் அப்படியே விட்டார்கள். பிறகு பாலீஷ்காரன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினான். இடது சக்கரமும் வலது சக்கரமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மின்னின.

முதலாளி இடது சக்கரத்தில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

“எங்கேம்மா உன் பால் திட்டு? இப்ப என்ன சொல்றே?”

அவள் இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நாளையிலேர்ந்து கடையை நீங்களே திறங்க, சிவப்புக் கேனையும் நீங்களே நிரப்புங்க. ஆறு மாசமா தினம் காலையில அதுல ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து வெச்சது நான்தான்!”