சுவரைப் பார்த்த பல்செட்

அவர் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். ஓட்டல் ஓட்டலாக ஏறி, அழுக்குத் தம்ளருக்கெல்லாம் அபராதம் போட்டவர். ஆனால் உபதேசம் எல்லாம் ஊருக்குத்தான். தன் பல்செட்டை அவர் ஒருநாள்கூடக் கழுவியதில்லை. படுக்கும்முன் கழற்றிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுவிடுவார். மனைவிதான் பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். "என்னைப் பார்த்து இளிக்குது" என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள்.

அவள் போய்ச் சில மாதங்கள் ஆகிவிட்டன. பல்செட் மட்டும் தினமும் காலையில் பளிச்சென்று, சுவரைப் பார்த்தபடி இருந்தது. மருமகளின் வேலை என்று நினைத்து அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் மனசு கேட்காமல் சொன்னார்: "இனிமே அதை நானே கழுவிக்கிறேம்மா. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

மருமகள் விழித்தாள். "தப்பா நினைக்காதீங்க மாமா. அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நான் தொட்டதே இல்ல."

அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. செத்த பிறகும் நான் அவளைச் சும்மா விடவில்லையே.

அன்று முதல்முறையாக வாஷ்பேசின் முன் நின்று தானே தேய்த்தார். இடுக்கிலிருந்து வந்ததைப் பார்த்து அவருக்கே குமட்டியது. இதையா அவள் இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் செய்தாள்? கழுவி முடித்து, அவள் வைப்பதுபோலவே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"இனி நீ நிம்மதியாப் படு," என்றார் மெதுவாக.

காலையில் கிண்ணத்துத் தண்ணீரை யாரோ மாற்றியிருந்தார்கள். பல்செட் திரும்பி, அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.