படகில் நின்றவன்

பனி இன்னும் விலகவில்லை.

யமுனைப் படித்துறையில் முக்காலிகளை ஊன்றிக்கொண்டு பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கழுத்தில் கேமரா இல்லாமல் நின்றவர் எலியேசர் ஒருவர்தான்.

இன்றோடு இருபத்தாறு நாள். இருட்டு பிரிவதற்குள் கிட்வாய் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறார். பொறுமை இருந்தால் லக் தானாக வரும் அங்கிள் என்று கேமராக்காரர்களில் தினம் ஒருவராவது அவருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போவார்.

அவர்கள் காத்திருந்தது வெளிச்சத்துக்கு. பனி கொஞ்சம் கிழிய வேண்டும், சூரியன் சிவப்பு மாறாமல் இருக்க வேண்டும், படகுக்காரன் வீசும் ஓமப்பொடிக்குக் கடற்காகங்கள் கூட்டமாக எழ வேண்டும். எல்லாம் ஒரே நொடியில் கூடி வர வேண்டும்.

எலியேசர் காத்திருந்தது மகனுக்கு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் சாயங்காலம், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று படியிறங்கியவன் மேக்ஸ்வெல். எலியேசர் ஏறி இறங்காத போலீஸ் ஸ்டேஷன் இல்லை, செய்யாத ஜெபம் இல்லை.

இந்த ஜனவரியில்தான் கோல் மார்க்கெட் மருந்துக் கடையில் ஒரு காலண்டர் கொடுத்தார்கள். முதல் தாளிலேயே யமுனை, பனி, பறவைகள், ஒரு படகு. படகின் நுனியில் பக்கவாட்டில் திரும்பி, பறவைகளைப் பார்த்தபடி ஒரு பையன்.

முகம் மிளகளவுதான். ஆனால் அந்த ஸ்வெட்டர்!

நர்ஸ் வேலையின் ஓய்வு நாட்களில் அவர் மனைவி இன்பராணி மகனுக்காகப் பின்னியது. மெரூன் நூல் பாதியில் தீர்ந்துபோக, இடது கையை மட்டும் கடுகு மஞ்சளில் முடித்துவிட்டு இதுதான் இப்போது ஃபேஷன் என்று சாதித்தாள். டெல்லி முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொன்று கிடைக்காது. வீட்டை விட்டுப் போன அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தான்.

அப்படியென்றால் இருக்கிறான். போன குளிர்காலத்தில் இங்கே படகேறியிருக்கிறான்.

படம் எடுத்தவர் யாரென்று காலண்டர் அடித்த அச்சகத்துக்கும் தெரியவில்லை. அதனால் என்ன, பறவை பார்க்க வந்தவன் இந்தக் குளிருக்கும் வருவான் என்று எலியேசர் தீர்மானித்துக்கொண்டார். அது தப்பாக இருக்கலாம். அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

இந்த மாதத்தோடு பறவைகள் கிளம்பிவிடும். ரிட்டயராகி ஆறு மாதமாகிறது, குவார்ட்டர்ஸையும் இந்த மாதத்தோடு காலி செய்தாக வேண்டும். பிள்ளை திரும்பி வந்து கதவைத் தட்டினால் வேறு யாரோ திறப்பார்கள்.

இன்பராணி தினமும் பிளாஸ்க்கில் டீ ஊற்றி, டம்ளர் மட்டும் இரண்டாக வைத்தாள்.

ஏழேகால் மணிக்குப் பனி கிழிந்தது.

சூரியன் அப்படிச் சிவந்து இந்த வருடம் யாரும் பார்த்ததில்லை. பறவைகள் மொத்தமாக எழுந்தன. பதினைந்து கேமராக்களும் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒருவன் சந்தோஷத்தில் கத்தியே விட்டான்.

எலியேசர் படகு படகாகப் பார்த்தார். யாரும் இல்லை.

வழக்கம்போலக் காலண்டர் தாளை எடுத்துப் புதிதாக வந்திருந்தவனிடம் நீட்டினார். நரேன் என்று பெயர், குருகிராமில் ஐ.டி. வேலை, தமிழ்ப் பையன். தாளைப் பார்த்ததும் இது தான் எடுத்த படம் என்று துள்ளினான்.

எலியேசர், இத்தனை நாளாகக் காலியாகவே திரும்பிய இரண்டாவது டம்ளரில் டீயை ஊற்றி அவனிடம் கொடுத்தார். பாதி கையிலேயே கொட்டியது.

“தம்பி, படகுல நிக்கிறது எம்மவன். எறங்கி எந்தப் பக்கமா போனாம்னு பாத்தீங்களா?”

நரேனின் முகம் சுருங்கிப்போனது.

“அங்கிள்... அன்னிக்குப் படகு காலியா இருந்துது. ஆள் இல்லாம படம் எடுபடலைன்னு, என்னோட பழைய படம் ஒண்ணுலேர்ந்து ஒருத்தரை வெட்டி ஒட்டினேன்.”

எலியேசர் விடவில்லை. அந்தப் பழைய படம் எங்கே எடுத்தது? அங்கே போய் நிற்கலாமே. இருபத்தாறு நாள் நின்றவருக்கு இன்னொரு இடம் பெரிதா என்ன?

நரேன் போனில் வெகுநேரம் தேடினான். கடைசியில் ஒரு படத்தைத் திறந்து போனை நீட்டினான்.

லோதி தோட்டத்துக் குளக்கரை. ஐந்து வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸின் மறுநாள். ஸ்வெட்டர் புத்தம் புதிதாக இருந்தது.

குளத்தில் ஒரு பறவைகூட இல்லை. மேக்ஸ்வெல் பார்த்துக்கொண்டிருந்தது, இரண்டடி தள்ளி முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்த ஆளை. ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

கூட நின்றவரைத்தான் வெட்டிவிட்டேன் என்று நரேன் மெதுவாகச் சொன்னான்.

எலியேசர் படத்தில் இருந்த தன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் போனில் யாரிடம் பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.