நான்காவது படம்

ஜெகனை நான் கூப்பிடவில்லை. என் மகள் கிருஷ்ணப்பிரியாதான் அனுப்பினாள்.

தினம் காலை எட்டு மணிக்கு அவள் போன் செய்வாள். என் வீட்டுக்காரி சுலோசனா லேப்டாப்பில் ஒரு தட்டுப் படத்தைத் தொடுவாள். ‘சாப்பிட்டேன்’ என்று லேப்டாப் சொல்லும். இன்றைக்குச் சொல்லவில்லை.

ஜெகன் குமணன்சாவடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். மாடி ஏறி வந்தவன் வாசல்படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

நான் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சுலோசனாவுக்குப் பேச்சு போய் ஏழு மாதம் ஆகிறது. பக்கவாதம். வலது கையும் போனது. இடது கையில் ஒரு விரல்தான் சொன்னபடி கேட்கும். அதுவும் நடுங்கும்.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் திவ்யா என்று ஒரு பெண். அவள்தான் இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தாள். திரை முழுக்கப் படங்கள். தண்ணீர், ஃபேன், கக்கூஸ், மகள், வீடு. என் போட்டோவும் ஒன்று. தொட்டால் பேசும். திவ்யாவே பேசிப் பதிந்தது. அறுபத்தாறு வயதுக் கிழவி இருபது வயதுக் குரலில் ‘ஃபேன் போடு’ என்பாள்.

ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அவள் விரல் போய்ச் சேர ஒரு நிமிஷமாவது ஆகும்.

காலையில் நான் லேப்டாப்பைத் திறந்ததும் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. நடுவில் பூச்சிப் படம். கட்டம் போனபோது புரோகிராமும் போய்விட்டது.

“வைரஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல நைனா” என்றான் ஜெகன். “நல்ல புரோகிராம்தான். நான் போட்டுக் குடுத்த ஆன்டிவைரஸ் தப்பா நெனச்சிகினு கீது. ஊருக்கே தெரிஞ்சதுன்னா வுட்டுடும். இது நாலு பேர்கிட்டதான் கீது. அதான் சந்தேகம்.”

“தெரியாதவன் வந்தா சந்தேகப்படாம மாலையா போடுவாங்க?”

“அதுவும் உன்ன மாதிரிதான் நைனா.” அவன் சிரித்தான்.

சுலோசனா சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா கேட்டுட்டுதானே அழிக்கும். செவப்பு அமுக்குனா அழிச்சிடும், பச்சை அமுக்குனா வுட்டுடும். போன மாசமே சொன்னேனே. யாரு அமுக்குனது?”

“அதுவா போச்சு” என்றேன்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

மணி பத்தே முக்கால். பதினொரு மணிக்குக் கிருஷ்ணப்பிரியா வருகிறாள். அம்மாவை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போவதா, இங்கேயே விடுவதா என்று இன்றைக்கு முடிவு. அம்மாவே சொல்லட்டும், அம்மா சொல்றதுதான் என்று சொல்லியிருக்கிறாள்.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அவளுக்கு ஃப்ளாட். லிஃப்ட் உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறேன் என்கிறாள். ரெண்டு பேருமே வாங்க என்றுதான் முதலில் கூப்பிட்டாள். மருமகன் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்கிறவன் நான் இல்லை என்று அந்த ஸ்ரீநாத்தின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அது சுலோசனாவுக்கும் தெரியும்.

தெரிந்துதான் நேற்று சாயங்காலம் மூன்று படத்தைத் தொட்டாள்.

மகள். வீடு. போகணும்.

நாற்பத்து மூன்று வருஷம். ஏழு மாதமாகக் குளிப்பாட்டி, துடைத்து, கஞ்சி ஊட்டிய கை என்னுடையது. இருபது வயதுக் குரலில் போகணும் என்கிறாள். லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். படி இறங்கித் தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தேன். அவள் பக்கம் திரும்பாமல் படுத்தேன்.

“வந்துட்ச்சு” என்றான் ஜெகன்.

லேப்டாப்பைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். “பேசிப் பாரு ஆயா.”

அவள் விரல் கிளம்பியது.

‘மகள்.’

தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வேறு யாரோ.

‘வீடு.’

கீழே போய்விடலாம் என்று பார்த்தேன். ஜெகன் திரும்பவும் வாசல்படியில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

‘போகணும்.’

அவ்வளவுதான் என்று நினைத்தேன். விரல் நிற்கவில்லை. தண்ணீரைத் தாண்டியது. ஃபேனைத் தாண்டியது. நடுவில் களைத்துப்போய் மேஜையில் விழுந்தது. மறுபடி எழுந்தது.

என் போட்டோ மேல் போய் நின்றது.

‘இவரு.’

ஜெகனைப் பார்த்தேன். அவன் கவனிக்கவில்லை.

ஐந்தாவது படம், கை கோத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பொம்மை.

‘கூட.’

விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நேற்று நான் மூடியபோது அந்த விரல் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஜெகன் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

“நைனா, கரெக்டா சொல்லு. அதுவா அழிச்சிதுன்னா இன்னொரு வாட்டியும் அழிக்கும். இந்த ஆன்டிவைரஸையே தூக்கிடறேன்.”

சுலோசனா என்னைப் பார்த்தாள். காலையிலும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“தூக்காத” என்றேன். “அது என்னைக் கேட்டுச்சு. நான்தான் செவப்ப அமுக்குனேன்.”