கேமராவில் ஒரு சந்தேகம்

"பாப்பா, வேலையா இருக்கியா? கேமராவுல ஒரு சின்ன சந்தேகம்."

பேக்கரியின் பின்னறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. காதில் இடுக்கியிருந்த போனில் அப்பாவின் குரல். பதினொரு மாதத்துக்குப் பிறகு.

கம்ப்யூட்டர் படித்துக் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு ரொட்டி சுடப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் வீடே ரெண்டுபட்டது. "படிச்சதெல்லாம் அடுப்புக்குத்தானா?" என்று அப்பா கேட்டார். அவளும் சும்மா இருக்கவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். "முப்பது வருஷமா மேலயும் கீழயும் போய் வந்ததுதான் மிச்சம். நீங்க வேற எங்கப்பா போயிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். அப்போது அவர் முகம் சுண்டிப்போனதை இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு அவள் போன் செய்தால் அம்மா மட்டும்தான் பேசுவாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

"சொல்லுங்கப்பா."

"நம்ம சின்ன கேமரா இருக்குல்ல, அதுக்குள்ள நாமளே ஸ்கிரிப்ட்டுன்னு ஏதோ குட்டி புரோகிராம் எழுதிப் போடலாமாமே. குறுக்க எது வந்தாலும் தானா படம் எடுக்குமாம். இங்க ஒரு பூனை அடுப்படிக்குள்ள வந்து பாலை உருட்டிட்டுப் போகுது. எந்தப் பூனைன்னு உங்கம்மாவுக்குத் தெரிஞ்சே ஆகணுமாம். நீ கம்ப்யூட்டர் படிச்சவ. உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவளுக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொன்னால் போனை வைத்துவிடுவாரே.

"ஓ, அதுவா. ரொம்ப சுலபம்பா. ஒரு நிமிஷம், கை கழுவிட்டு வந்துடறேன்."

போனை மேஜையில் வைத்துவிட்டு அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்து தேடினாள். வந்த பக்கங்களில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் தமிழிலேயே ஒன்று அகப்பட்டது. யாரோ புண்ணியவான், முக்காலி என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்துப் பேச்சுத்தமிழாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல்ல கேமராவோட மாடல் நம்பரைப் பாருங்கப்பா. அதுக்குன்னே இருக்கிற ஃபைலைத்தான் இறக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் வேலைக்கு ஆகாது. அவசரப்பட வேண்டாம், கேமரா எங்கயும் ஓடிப் போயிடாது."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். நல்லாப் புரியும்படி சொல்ற."

அப்பா செய்யாத தப்பில்லை. ஃபைலை வேறு எங்கோ இறக்கினார். மெமரி கார்டைத் தலைகீழாகச் செருகப் பார்த்தார். ஒருமுறை பேட்டரியைக் கீழே போட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் தேடுகிறேன் என்று பத்து நிமிஷம் போக்கினார். அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

"கார்டோட ஓரத்துல ஒரு குட்டிப் பூட்டு இருக்கும். அதைக் கீழ தள்ளிட்டுப் போடுங்க."

"பூட்டிட்டா படம் எப்படிப் பதியும்?"

பக்கத்தின் அடுத்த வரியே அதற்குப் பதிலாக இருந்தது. "பதியும்பா. அந்தப் பயம் எல்லாருக்கும் வர்றதுதான்," என்றாள், தானே கண்டுபிடித்தவள் மாதிரி.

பின்னால் ஓவன் மணி அடித்தது.

"அங்க என்ன சத்தம்?"

"ரொட்டி வெந்துடுச்சுப்பா."

"முதல்ல அதை எடு. கருகிடப் போகுது. நான் இருக்கேன்."

அவள் தட்டுகளை எடுத்து அடுக்கிவிட்டு வந்தாள். அவர் அப்படியே காத்திருந்தார்.

"எத்தனை ரொட்டி?"

"நாற்பது."

"எல்லாம் வித்துடுமா?"

"சாயங்காலத்துக்குள்ள காலியாயிடும்பா."

"ம்," என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு "ம்."

கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. கடைசியில் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, கேமராவின் முன்னால் கையை ஆட்டச் சொன்னாள். போனிலேயே 'க்ளிக்' கேட்டது.

"எடுத்துடுச்சு பாப்பா. என் கை நல்லா விழுந்திருக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் மெல்லச் சொன்னாள். "அப்பா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"நான் மட்டும் என்ன, கொஞ்சமாவா பேசினேன்? விடு. கோபம் எப்பவோ போயிடுச்சு. எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கும் ஏதாவது சந்தேகம் வரும். இதே நேரத்துக்குக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்கப்பா. எதுவும் சந்தேகம் இல்லாட்டியும் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் மாவு. முன்பின் தெரியாத அந்த மனுஷருக்கு ஒரு நன்றியாவது எழுதிவிடலாம் என்று பக்கத்தின் அடிவரை போனாள்.

அங்கே, 'இந்த ஸ்கிரிப்ட் எடுத்த படம்' என்று ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதியோடு ஒன்று போட்டிருந்தது. படத்தில், அவர்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு காய்கறிப் பையோடு அம்மா நின்றிருந்தாள்.

அதன் கீழே யாரோ, 'நீங்கள் இதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். முக்காலி பதில் எழுதியிருந்தார்: 'நான் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து என் மகள் வந்துவிட்டால், அவள் வாசலில் நுழைகிற முகத்தை நான் பார்க்க வேண்டாமா?'